மாத்திரையும் புள்ளியும்: தமிழில் சுரக்குறிப்பு வாசிப்புக் கற்பித்தல் – தகடூர்ச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் எழுத்தில் அச்சிடப்படும் இசைத் தொடக்கநூல்கள் கலைச்சொற்களின் வரையறைகளை முதலில் தருகின்றன. சுரக்குறிப்பை அடுத்துத் தருகின்றன. அக்குறிப்பை எவ்வாறு வாசிப்பது என்பதைப் பெரும்பாலும் ஆசிரியரின் பொறுப்பில் விட்டுவிடுகின்றன. இம்முறையின் பயனையும் குறையையும் தமிழ் எழுத்திலக்கணத்தின் துணைகொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. மாத்திரைக் கணக்கு தமிழ் மாணவருக்குக் குறிப்பு வாசிப்பின் வாசலாக அமையத்தக்கது என்பதும், தானத்தைக் காட்டும் மேற்புள்ளி தமிழ் எழுத்தின் மெய்ப்புள்ளியோடு மோதுகிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. தகடூர் பற்றிய புறநானூற்றுப் பாடல்களும் தருமபுரி வட்டாரக் கூத்துப் பிரதிகளின் அமைப்பும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சுரக்குறிப்பு, மாத்திரை, அளபெடை, தானப்புள்ளி, கட்டை, கூத்துப் பிரதி, தகடூர்

முன்னுரை

தருமபுரி மாவட்டத்தில் பாரதக் கூத்துப் பாடல்களைத் தொகுக்கச் செல்லும் தமிழ் ஆய்வாளர் மூன்று பொருள்களுடன் திரும்பக்கூடும்: ஒலிப்பதிவு, பாடற்சொற்கள், கலைஞரின் பிரதியிலிருந்து படியெடுத்த இராக, தாளப் பெயர்கள். ஆய்வேட்டில் அச்சேறுவன பெரும்பாலும் பின்னிரண்டுமே. ஒலிப்பதிவு கைப்பேசியிலோ வன்தட்டிலோ தங்கிவிடுகிறது. அக்கருவி பழுதுறும் நாளில் மெட்டும் மறைகிறது. நாட்டார் பாடல் தொகுப்புகள் பலவற்றில் சொல் மட்டுமே எஞ்சி நிற்பதற்கு ஆய்வாளரின் அக்கறையின்மை காரணம் அன்று. சுரக்குறிப்பை எழுதவும் வாசிக்கவும் தமிழ்த்துறை மாணவருக்குக் கற்பிக்கப்படுவதில்லை; தாமே கற்க முனைவோருக்குக் கிடைக்கும் தொடக்கநூல்களோ ஆசிரியர் எதிரே அமர்ந்திருப்பதை முன்நிபந்தனையாகக் கொண்டவை.

ஆகவே, தொடக்கநிலை மாணவருக்குரிய சுரக்குறிப்பு வாசிப்பு என்பது இசைத்துறைக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அது தமிழாய்வின் ஆவணமாக்கல் சிக்கலுமாகும். தொடக்கநூல் மரபு எவ்விடத்தில் மாணவருக்கு உதவுகிறது, எவ்விடத்தில் கைவிடுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தகடூர்ப் பாடல் காட்டும் மூன்று அளவுகோல்கள்

இன்றைய தருமபுரியாகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஒளவையார் பாடிய புறநானூற்று 92ஆம் பாடல், மழலையைப் பற்றிப் பேசுமிடத்து மூன்று எதிர்மறைகளை அடுக்குகிறது. மழலை யாழோடு ஒத்துவருவது அன்று. பொழுதோடு பொருந்துவது அன்று. பொருள் அறியத்தக்கதும் அன்று. எனினும் தந்தைக்கு அது அருளை விளைவிக்கிறது. தம் சொல்லும் அதியமானிடத்தில் அத்தகையதே என்பது ஒளவையாரின் பணிவு.

இம்மூன்று எதிர்மறைகளையும் நேர்மறையாக மாற்றினால், நிறைவான பாட்டுக்குரிய மூன்று தகுதிகள் கிடைக்கின்றன: யாழின் நரம்போடு இசைதல், காலத்தோடு கூடுதல், பொருள் உணர்த்தல். ‘பொழுது’ என்பதைத் தாளத்தின் காலமாகவும் கொள்ளலாம். பண்ணுக்குரிய நாட்பொழுதாகவும் கொள்ளலாம். பழைய உரை காலம் என்ற பொதுப்பொருளிலேயே நின்றுவிடுவதால் இவ்விரு வாசிப்புகளுக்கும் இடமுண்டு. தாளம் என்னும் பொருளை ஏற்றுக்கொண்டால் இப்பாடலின் அடுக்கு இன்றைய சுரக்குறிப்புப் பக்கத்தின் அமைப்போடு ஒத்திருப்பதைக் காணலாம். அப்பக்கத்தில் சுரவரி உண்டு. அதைக் கூறுபடுத்தும் தாளக்கோடுகள் உண்டு. சுரத்தின் கீழே சாகித்தியவரி உண்டு. யாழ், பொழுது, பொருள் என்னும் மூன்றும் முறையே இம்மூன்றாக நிற்கின்றன.

தகடூர் பற்றிய பிற பாடல்களிலும் இசைக்கருவிகள் இடம்பெறுகின்றன. 89ஆம் பாடலில் மன்றத்துத் தண்ணுமை காற்று மோதி ஒலிக்கிறது. அதைப் போர்ப்பறை எனக் கருதி அதியமான் மகிழ்கிறான். 392ஆம் பாடலில் அதியமான் மகன் எழினியின் நெடுவாயிலில் பனி படர்ந்த விடியலில் ஒருகண் கிணை ஒலிக்கிறது. கருவியின் பெயரும், ஒலித்த பொழுதும், கேட்டவன் மனநிலையும் ஈராயிரம் ஆண்டு கடந்து கிடைத்துள்ளன. கிணையில் விழுந்த அடியின் கணக்கு மட்டும் கிடைக்கவில்லை. சொல் நின்று, இசை மறைந்த நிலைக்குத் தகடூரே முதற்சான்று. கூத்துப் பாடல்களின் சொற்களை மட்டும் அச்சிடும் இன்றைய தொகுப்பு அதே நிலையை மீண்டும் தோற்றுவிக்கிறது.

2. குறிப்பு நின்று வாசிப்பு மறைந்த சான்றுகள்

இதற்கு மறுதலையான நிலையும் தமிழகத்தில் உண்டு. ஈரோடு மாவட்டம் அறச்சலூரிலுள்ள இசைக் கல்வெட்டு கி.பி. 2–4ஆம் நூற்றாண்டுகளுக்கு இடைப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைகளில் தாளச்சொற்கட்டு எழுத்துகள் அதில் கட்டமாக அமைக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகளைப் புணர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்னும் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் கி.பி. 7–8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாக உள்ளது. சுர எழுத்துகள் நான்கு நான்காகக் கூறுபடுத்தப்பட்டு, அ, இ, உ, எ என உயிர் மாறி அமைகின்றன. சில எழுத்துகளின் மேல் புள்ளிகளும் உள்ளன.

அறச்சலூரில் எழுத்து நிற்கிறது. அதை எந்நடையில் ஒலித்தனர் என்பது நிற்கவில்லை. குடுமியான்மலையில் சுரம் நிற்கிறது. உயிர்மாற்றமும் புள்ளியும் எதைக் குறித்தன என்பது அறிஞரிடையே இன்றும் விவாதப் பொருளாகவே உள்ளது. வெட்டியவர்க்கு ஐயமின்றி விளங்கிய குறி, வாசிப்பு மரபு அறுந்தபின் புதிராயிற்று. குறிப்பு எழுதுவதால் மட்டும் இசை காக்கப்படுவதில்லை. குறிப்பின் விதிகளும் எழுதப்பட வேண்டும் என்பதே இக்கல்வெட்டுகள் தரும் பாடம். இன்றைய தொடக்கநூல்களை மதிப்பிடுவதற்கு இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம்: ஆசிரியர் அருகில் இல்லாத வாசகர் அந்நூலின் பக்கத்திலிருந்து பாட்டை மீட்டெடுக்க இயலுமா?

3. மாத்திரை: இலக்கணம் திறக்கும் வாசல்

தொடக்கநூல்களில் மாணவர் முதலில் காண்பது சரளிவரிசை. பதினைந்தாம் மேளமாகிய மாயாமாளவகௌளையில், ஆதிதாளத்தில் அமையும் அதன் முதல் ஏறுவரிசை தமிழ் அச்சில் பின்வருமாறு தோன்றும்:

ச ரி க ம | ப த | நி ச் ||

ஆதிதாளம் லகு ஒன்றும் துருதம் இரண்டும் கொண்டது. லகுவுக்கு ஒரு தட்டும் மூன்று விரலெண்ணிக்கையுமாக நான்கு, துருதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டும் ஒரு வீச்சுமாக இரண்டு, ஆக எட்டு. வரியிலுள்ள செங்குத்துக் கோடுகள் இவ்வுறுப்புகளின் எல்லைகள். இரட்டைக்கோடு ஆவர்த்தனத்தின் முடிவு. முதற்காலத்தில் எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு சுரமும், இரண்டாங்காலத்தில் இரண்டும், மூன்றாங்காலத்தில் நான்கும் பாடப்படும்.

சுரத்தின் நீளத்தைக் காட்டும் முறை தமிழ் மாணவருக்குப் புதியது அன்று. ‘ச’ ஓர் அளவு, ‘சா’ ஈரளவு. காற்புள்ளி ஓர் அளவு நீட்டம்; அரைப்புள்ளி ஈரளவு நீட்டம். ஆகவே ‘சா,’ மூன்றளவு; ‘சா;’ நான்களவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது பள்ளிப்பருவத்திலேயே கற்ற மாத்திரைக் கணக்கு. ஓரெழுத்து தனித்து மூன்று மாத்திரை ஒலிப்பதில்லை. நீட்டம் வேண்டினால் அந்நீட்டத்துக்குரிய எழுத்தைக் கூட்டி எழுதுக எனத் தொல்காப்பியம் விதிக்கிறது. நெட்டெழுத்தின் பின் இனக்குறிலை எழுதும் உயிரளபெடை இவ்விதியின் விளைவு. ‘ஆஅ’ என்பதில் குற்றெழுத்து செய்யும் பணியையே ‘சா,’ என்பதில் காற்புள்ளி செய்கிறது. மாத்திரையின் அளவாகத் தொல்காப்பியம் கூறும் கண்ணிமையும் கைந்நொடியும் உடலால் அளக்கும் காலமாதலின், கைத்தாளத்தோடு அவற்றுக்குள்ள உறவும் நோக்கத்தக்கது.

இவ்வளவு நெருங்கிய ஒப்புமை இருந்தும், தொடக்கநூல்கள் பலவும் நீட்டக்குறிகளைப் புதிய குறியீட்டுப் பட்டியலாகவே தருகின்றன. யாப்பருங்கலக்காரிகை கற்ற மாணவர் அப்பட்டியலை மனப்பாடம் செய்கிறார். தாம் முன்னரே அறிந்ததை மீண்டும் கற்கிறோம் என்பதை உணர்வதில்லை. தமிழ்த்துறை வகுப்பறையில் இசைக்குறிப்பை அறிமுகப்படுத்த அளபெடையைவிடப் பொருத்தமான தொடக்கப்புள்ளி இல்லை எனலாம்.

இவ்வொப்புமைக்கு எல்லைகளும் உள. முதலாவது, சுரத்தின் அளவு சார்பானது. சுரங்களின் மேல் ஒரு கிடைக்கோடு இடப்பட்டால் அவற்றின் காலம் பாதியாகும். இரு கோடுகள் இடப்பட்டால் காற்பங்காகும். எழுத்தின் மாத்திரைக்கு இத்தகைய மாற்றம் இல்லை. இரண்டாவது, யாப்பின் அசைக்கணக்கு வேறு, சுரத்தின் அளவுக்கணக்கு வேறு. குறிலிணையும் தனிநெடிலும் அசையில் ஒன்றாக நிற்பதில்லை, சுரக்கணக்கில் ஒன்றாக நிற்கும். மூன்றாவது எல்லையைத் தொல்காப்பியமே நூன்மரபின் இறுதியில் வகுத்துவைத்துள்ளது. இசையோடு பொருந்துமிடத்து உயிர் தன் அளவைக் கடந்து ஒலிப்பதும் ஒற்று நீண்டிசைப்பதும் உண்டு. அவை யாழ்நூலுக்கு உரியவை என அந்நூற்பா கூறுகிறது. எழுத்திலக்கணம் முடிந்து இசையிலக்கணம் தொடங்கும் எல்லையை இலக்கண நூலே காட்டுவதால், மாணவரை அவ்வெல்லைவரை இலக்கணத்தின் வழியாக அழைத்துச் சென்று, அதன்பின் கைத்தாளத்திடம் ஒப்படைப்பதே முறையான வரிசையாகும்.

4. புள்ளி: எழுத்தும் தானமும் மோதும் இடம்

மேலே காட்டிய சரளிவரிசையின் இறுதி எழுத்து மீண்டும் நோக்கத்தக்கது. மேல்தானத்தைக் குறிக்கச் சுரத்தின் மேலும், கீழ்தானத்தைக் குறிக்கச் சுரத்தின் கீழும் புள்ளியிடுவது நடைமுறை வழக்கு. தமிழில் மேற்புள்ளி வெற்றிடமான குறி அன்று. உயிரை நீக்கி மெய்யாக்கும் குறி அது. எனவே மேல்தானச் சட்சம் அச்சில் ‘ச்’ என்றே தோன்றுகிறது. இலக்கணம் கற்ற கண் அதை உயிரற்ற, அரை மாத்திரை மெய்யாக வாசிக்கிறது. இசை கற்ற கண் அதை ஓரளவு கொண்ட உயர்ந்த சட்சமாக வாசிக்கிறது. எழுத்தில் ஒலியை ஒடுக்கும் குறியே சுரத்தில் ஒலியை உயர்த்துகிறது.

சுரவரியில் மட்டும் நின்றால் இம்மோதல் விரைவில் பழகிவிடும். சுரவரிக்குக் கீழே சாகித்தியவரி வரும்போது சிக்கல் மிகுகிறது. மேல்வரியில் ‘க்’ மேல்தானக் காந்தாரம். அதன் கீழே சாகித்தியத்தில் ‘க்’ வல்லின ஒற்று. ஒரே பக்கத்தில், ஒரே அச்செழுத்து, இரு விதிகளின்படி வாசிக்கப்பட வேண்டியுள்ளது. தாளச்சொற்கட்டில் வரும் ‘த்’ மெய்யாகவே ஒலிப்பது. சுரவரியின் ‘த்’ மேல்தானத் தைவதம். மின்னச்சில் மற்றொரு தொல்லையும் சேர்கிறது: சுரவரிகளைத் தட்டச்சிடும்போது தானப்புள்ளியும் மெய்ப்புள்ளியும் ஒரே குறியீட்டால் பதிவாவதால், கணினித் தேடலிலும் தரவுத்தொகுப்பிலும் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

பழைய அச்சுநூல்களின் வரலாறு இம்மோதலை விளங்கிக்கொள்ள உதவும். 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கு எழுத்தில் அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்தில் அதைச் சென்னை மியூசிக் அகாதெமி பின்னர் வெளியிட்டது. தெலுங்கு எழுத்தில் மேற்புள்ளி எழுத்தின் உறுப்பு அன்று. ஆகவே அங்குத் தானப்புள்ளி எதனோடும் மோதுவதில்லை. தேவநாகரியில் மேற்புள்ளி அனுசுவாரமாக இருப்பதால், வட இந்தியாவில் பரவிய பாத்கண்டே குறிப்புமுறையிலும் இதையொத்த மோதல் உண்டு. எழுத்துமுறைதோறும் குறியின் பொருள் மாறும் என்பதைக் கருதாமல், பொதுக்குறியைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தமையே இச்சிக்கலின் வேர்.

பழக்கத்தால் தெளிவு பிறக்கும், மாற்றம் வேண்டா என்னும் கருத்தும் புறக்கணிக்கத்தக்கது அன்று. தேர்ந்த பாடகர் எவரும் ‘நி ச்’ என்பதைத் தவறாக வாசிப்பதில்லை. ஆனால் தொடக்கநூல் தேர்ந்தவருக்காக எழுதப்படுவது அன்று. குறைந்தது, தமிழ் மாணவருக்கு இக்குறி ஏன் தடுமாற்றம் தரும் என்பதை விளக்கும் ஒரு பத்தியேனும் தொடக்கநூலில் இடம்பெற வேண்டும். மேல்தானத்துக்கு எழுத்தின் வலப்பக்க மேல்முனையில் சிறு சாய்கோடும், கீழ்தானத்துக்கு வலப்பக்கக் கீழ்முனையில் சிறு சாய்கோடும் இடுவது மாற்றாக அமையலாம். இது தட்டச்சுக்கு எளிது, மெய்ப்புள்ளியோடு குழம்பாது, பழைய குறியை அறிந்தவருக்கும் உடனே விளங்கும்.

5. சுரப்பெயரும் எண்ணும்

‘ரி’ என்னும் எழுத்து எந்த ரிஷபம்? சரளிவரிசையின் வரி இதற்கு விடை தருவதில்லை. மாயாமாளவகௌளை என்னும் தலைப்பே விடை தருகிறது: சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். மேலை இசையின் ஐந்துகோட்டுக் குறிப்பில் வரியின் தொடக்கத்தில் இடப்படும் ஏற்ற, இறக்கக் குறிகள் செய்யும் பணியில் பெரும்பகுதியை இங்கு இராகப்பெயர் செய்கிறது. எனவே இராகத்தலைப்பு அலங்காரம் அன்று. குறிப்பின் முதல் உறுப்பு. இதை வெளிப்படையாகக் கூறும் தொடக்கநூல்கள் அரிது.

சுரத்துக்கு எண்ணிட்டுக் காட்டும் நூல்களிலும் ஒரு பிளவு உண்டு. பன்னிரு சுரத்தான முறையில் க1 சாதாரண காந்தாரம், க2 அந்தர காந்தாரம். பதினாறு பெயர் முறையில் க1 சுத்த காந்தாரம், க2 சாதாரண காந்தாரம், க3 அந்தர காந்தாரம். ஆகவே ‘க2’ என்பது ஒரு நூலில் ஒரு சுரமாகவும் மற்றொரு நூலில் வேறு சுரமாகவும் நிற்கிறது. இரு நூல்களை அருகருகே வைத்துத் தாமே கற்கும் மாணவர் இங்குத் தவறுவது இயல்பு. எம்முறையைப் பின்பற்றுகிறோம் என்பதை நூலின் முதற்பக்கத்தில் அறிவிப்பது பதிப்பாளரின் கடமையாகும்.

தமிழ்ச் சுரப்பெயர்களைத் தொடக்கநூல்கள் கையாளும் முறையும் மறுபரிசீலனைக்குரியது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் ஆகிய ஏழும் சட்சம் முதலானவற்றின் மறுபெயர்கள் என்னும் ஒற்றை அட்டவணையோடு அவை நிறுத்தப்படுகின்றன. ஏழு நெட்டுயிர்களை ஏழிசைக்குரிய எழுத்துகளாகக் காட்டும் நிகண்டு மரபும் தமிழில் உண்டு. சிலப்பதிகார உரைமரபில் ‘குரல்’ ஒரு சுரத்தின் பெயராகவும், தொடக்கச்சுரம் என்னும் நிலையின் பெயராகவும் வழங்குகிறது. குரல் குரலாகச் செம்பாலை. துத்தம் குரலாகப் படுமலைப்பாலை. உழை குரலாக அரும்பாலை. ஆய்வாளர் பலர் ஏற்கும் இணைப்பின்படி செம்பாலை அரிகாம்போதி. அதன் ரிஷபத்தைத் தொடக்கமாகக் கொண்டு பாடினால் நடபைரவி. மத்திமத்தைத் தொடக்கமாகக் கொண்டால் சங்கராபரணம். ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917), விபுலானந்தரின் ‘யாழ் நூல்’ (1947) முதலியவை பண்டைத் தமிழிசையின் பாலைகளையும் சுருதிகளையும் விரிவாக ஆராய்ந்தவை. எனினும் அவ்வாய்வு பெயர்ப்பட்டியலாகச் சுருங்கியே தொடக்கநூலை எட்டுகிறது. பெயரை நிலையாகவும் பணியாகவும் பிரித்துணர்த்தும் இக்கருத்து, தொடக்க மாணவருக்குச் சட்சத்தின் இயல்பை விளக்குவதற்கே மிகவும் வேண்டியது.

இதோடு தொடர்புடைய மற்றொரு பிழை, சட்சத்தை மேலை இசையின் ‘சி’ சுரத்தோடு சமன்படுத்துவது. சட்சம் நிலையான சுருதி அன்று. பாடகர் தெரிவு செய்யும் ஆதாரம். அந்த ஆதாரத்தின் உயரத்தைக் குறிக்கக் கலைஞர் வழக்கில் ‘கட்டை’ என்னும் சொல் உண்டு. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு என முழு எண்ணாலும், கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என அரை எண்ணாலும் வழங்கப்படுகின்றன. ‘சி’ என்பது ஒரு கட்டை; அக்கட்டையில் பாடுவோருக்கு மட்டுமே அது சட்சமும் ஆகும். ஐந்து கட்டையில் பாடுவோருக்குச் சட்சம் வேறிடத்தில் உள்ளது. கூத்துக்களத்தில் நாள்தோறும் புழங்கும் இச்சொல்லைத் தொடக்கநூலின் முதற்பாடத்தில் சேர்த்தால், சார்பு உயரம், நிலை உயரம் என்னும் வேறுபாடு வரையறையின்றியே விளங்கும்.

6. கூத்துப் பிரதியும் குறிப்பின் படிநிலைகளும்

1965இல் சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரியும், 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் பிரிந்தன. ஆட்சி எல்லைகள் மாறினாலும் இவ்வட்டாரத்தின் கூத்து மரபு தொடர்ச்சியுடையது. கூத்துப் பிரதிகளில் விருத்தம், தரு முதலிய வடிவப்பெயரும், பல இடங்களில் இராக, தாளப் பெயர்களும் பாடலின் தலைப்பில் குறிக்கப்படும். அதன்கீழ்ச் சாகித்தியம் வரும். சுரவரி இராது. இதனைக் ‘குறிப்பற்ற பிரதி’ என மதிப்பிடுவது வழக்கம்.

முன் பகுதியில் நிறுவியதன்படி இம்மதிப்பீடு பிழையானது. இராகப்பெயர் சுரத்தெரிவையும், தாளப்பெயர் காலப்பகுப்பையும், வடிவப்பெயர் பாடும் முறையையும் குறிக்கின்றன. விருத்தம் எனில் தாளக்கட்டின்றிப் பாடுக. தரு எனில் தாளத்தோடு பாடுக. இது குறிப்பின் முதற்படிநிலை. சுரவரி இரண்டாம் படிநிலை. அசைவுகளைக் காட்டும் குறி மூன்றாம் படிநிலை. சுப்பராம தீட்சிதர் கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஒரிக்கை எனக் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளை வகுத்தது இம்மூன்றாம் படிநிலையைச் சார்ந்தது. இன்றைய தொடக்கநூல்கள் பெரும்பாலும் இரண்டாம் படிநிலையில் நின்று, மூன்றாவதை ஆசிரியரின் குரலுக்கு விட்டுவிடுகின்றன. கூத்துப் பிரதி முதற்படிநிலையில் நின்று, பிற இரண்டையும் வாத்தியாரின் குரலுக்கு விட்டுவிடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ளது அளவு வேறுபாடே. எழுத்தறிவுக்கும் எழுத்தறியாமைக்கும் உள்ள வேறுபாடு அன்று. கூத்துப் பின்னணியிலிருந்து இசைப்பள்ளிக்கு வரும் மாணவரை ‘குறிப்பு அறியாதவர்’ எனத் தொடக்கத்திலேயே ஒதுக்குவதற்கு இக்காரணத்தால் நியாயம் இல்லை. அவர் ஒரு படிநிலையை அறிந்தவர். அடுத்த படிநிலையை அவருக்குக் காட்டுவதே கற்பித்தல்.

ஆவணமாக்குவோருக்கு இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. பிரதியில் மோகனம் என எழுதியிருப்பதைக் கண்டு, கச்சேரி மோகனத்தின் ஐந்து சுரங்களை ஆய்வேட்டில் நிரப்பிவிடுவது முறையன்று. களத்தில் பாடப்படும் மெட்டு அப்பெயரின் மேடை இலக்கணத்திலிருந்து வேறுபடுவது உண்டு. கலைஞர் கூறிய பெயர் ஒரு தரவு. காதில் கேட்ட சுரங்கள் மற்றொரு தரவு. இரண்டையும் தனித்தனியே பதிவதே நேர்மையான குறிப்பு.

ஐந்துகோட்டுக் குறிப்பை அப்படியே ஏற்றல் தீர்வாகுமா என்னும் கேள்வியும் எழும். சின்னசாமி முதலியார் 1893இல் கீழைத்தேய இசையை ஐரோப்பியக் குறிப்பில் வெளியிட்டு அம்முயற்சிக்கு வழிவகுத்தார். சுரத்தின் உயரத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்துவதிலும் உலகளாவிய வாசகரை எட்டுவதிலும் அம்முறைக்கு வலிமை உண்டு. ஆயின் அது நிலை உயரத்தை முதன்மையாகக் கொள்வது. சட்சத்தை மாற்றும் மரபுக்கு அதில் இடப்பெயர்ப்புக் கணக்கு தேவைப்படும். கமகத்தைப் பொறுத்தவரை அதற்கும் புதுக்குறிகள் வேண்டும். தமிழ்த்துறை மாணவரிடம் ஏற்கெனவே உள்ள முதலீடு எழுத்தும் மாத்திரையுமாதலின், தொடக்கநிலைக்குச் சுரக்குறிப்பே அணுக்கமானது.

7. கற்பித்தல் வரிசை: ஒரு முன்மொழிவு

மேற்கண்டவற்றிலிருந்து தொடக்கநிலைக்குரிய வரிசை ஒன்றை வகுக்கலாம். முதலில் ஆதாரச் சுருதி: கட்டையைக் கேட்டுச் சட்சத்தில் நிற்றல். அடுத்துக் கைத்தாளம்: எழுத்தே இல்லாமல் ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கைகளைப் போடுதல். மூன்றாவது மாத்திரை: குறில், நெடில், அளபெடை வழியாகச் சுரத்தின் நீளத்தை வாசித்தல். நான்காவது தலைப்பு: இராகப்பெயரிலிருந்து சுரத்தெரிவை அறிதல். ஐந்தாவது தானக்குறி, மெய்ப்புள்ளியோடு அது கொள்ளும் வேறுபாட்டை வாய்விட்டுக் கூறி வாசித்தல். இறுதியில் சாகித்தியத்தைச் சுரத்தோடு பொருத்துதல். கலைச்சொல்லின் வரையறை ஒவ்வொரு படியிலும் செயலுக்குப் பின்னரே வர வேண்டும்.

களப்பணி ஆய்வாளருக்கு இதன் சுருக்க வடிவம் போதுமானது. பாடல் ஒவ்வொன்றுக்கும் கட்டை, கலைஞர் கூறிய இராகப்பெயர், கேட்ட சுரங்கள், தாளம், பாடல் தொடங்கும் எடுப்பு, முதல் ஆவர்த்தனத்தின் சுரவரி ஆகிய ஆறு செய்திகளை அச்சிடலாம். முழுப்பாடலையும் சுரப்படுத்தும் பயிற்சி இல்லாதவரும் ஓர் ஆவர்த்தனத்தை எழுத இயலும். அந்த ஒரு வரி, பின்னர் வரும் இசையறிஞருக்கு ஒலிப்பதிவைச் சரிபார்க்கும் ஆதாரமாகும்; ஒலிப்பதிவு அழிந்தால் மெட்டின் எஞ்சிய சான்றாகும்.

முடிவுரை

சுரக்குறிப்புத் தொடக்கநூல்களின் குறை, கலைச்சொற்கள் போதாமையில் இல்லை. தமிழ் மாணவர் முன்னரே அறிந்த மாத்திரையைப் பயன்படுத்தாமையும், தமிழ் எழுத்தின் புள்ளியோடு மோதும் தானக்குறியை விளக்காமையும், சுர எண்களின் இருமுறையை அறிவிக்காமையும், இராகத்தலைப்பைக் குறிப்பின் உறுப்பாகக் காட்டாமையுமே அவற்றின் குறைகள். இவை நான்கும் திருத்தத்தக்கவை. புதிய குறிப்புமுறை எதுவும் இவற்றுக்குத் தேவையில்லை.

யாழோடும் பொழுதோடும் பொருந்தாத மழலைக்கும் அருள் உண்டு என்றது தகடூர்ப் பாடல். தொடக்க மாணவரின் முதல் வாசிப்பும் அத்தகைய மழலையே. அதைப் பொறுத்துக்கொண்டு அளவுக்குள் கொணரும் கடமை நூலுக்கும் ஆசிரியருக்கும் உரியது. தகடூர் வாயிலில் ஒலித்த கிணையின் கணக்கை மீட்க இயலாது. தருமபுரிக் களங்களில் இன்று ஒலிக்கும் தருவின் கணக்கை ஓர் ஆவர்த்தனமேனும் எழுதிவைக்க இயலும். அதற்குரிய எழுத்தும் மாத்திரையும் தமிழ் ஆய்வாளரின் கையிலேயே உள்ளன.